ஏசி ஐகான் இருந்த இடம்

நவம்பர் 13, வியாழன்

தண்ணீர் கேன் இரண்டு வந்தது. ஒன்றின் மூடி ஒழுகுகிறது. மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

அலுவலகம் ஏற்பாடு செய்த மனநல ஆலோசகர் போனில் பேசினார். எங்கள் குழுவில் எல்லோரிடமும் பேசுகிறாராம். எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை. தினமும் நாலு வரியாவது எழுதுங்கள், என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும் என்றார். போன வருடத்து டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்றால், செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பத்தொன்றுக்கு, கொல்லிமலையில் இருந்து இறங்கும் வழியில், எங்கள் நிறுவனத்தின் சோதனைக் கார் ஒரு வளைவில் தடுப்புச் சுவரில் மோதியது. மழை பெய்துகொண்டிருந்தது. காரின் இடது பக்கம் நொறுங்கிவிட்டது. இடது இருக்கையில் தாட்சாயணி இருந்தாள். அங்கேயே இறந்துவிட்டாள். ஓட்டிய ஜெயசீலனுக்குத் தொடை எலும்பு முறிவு.

தாட்சாயணிக்கு முப்பத்து மூன்று வயது. எங்கள் குழுவில் சோதனைப் பொறியாளர். கார் திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று நான் வரைவேன். அது எங்கே சொதப்பும் என்று அவள் கண்டுபிடிப்பாள். ஆறு வருடமாகப் பக்கத்து நாற்காலி.

நாலு வரிக்கு மேல் ஆகிவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

ஆலோசகர் கேட்டதால் இதையும் எழுதுகிறேன். புதன்கிழமை மாலை குரோம்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். வீடு மூன்றாவது மாடி என்பதால் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்திருந்தார்கள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் வெப்பநிலை காட்டும் சிறிய திரை இருந்தது. கறுப்பில் சிவப்பு எண்கள். தெருவில் நின்று பார்த்தாலும் தெளிவாகத் தெரிந்தது. நல்ல எண்கள் என்று நினைத்தேன். அரை மணி நேரம் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கணவர் முரளி என்னிடம் வந்து, "சாப்டீங்களா உமா?" என்றார். யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

அலுவலகம் போனேன். அவள் நாற்காலியில் யாரோ ரோஜா மாலை ஒன்றைப் போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் வாடிவிட்டது. துப்புரவு செய்யும் அம்மா எடுக்கட்டுமா என்று என்னிடம்தான் கேட்டார். எடுங்கள் என்றேன்.

எங்கள் பிரிவின் தலைவர் சந்தானகிருஷ்ணன் என்னை அறைக்கு அழைத்தார். விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். காரில் இருந்து திரையை எடுத்து வந்துவிட்டார்கள். திரையின் பதிவேட்டை நான் படித்துச் சொல்ல வேண்டும். எந்த விநாடியில் யார் எதைத் தொட்டார்கள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும்.

"உங்களால முடியுமா உமா? இல்லன்னா வேற யாரையாவது..."

"முடியும் சார்."

வரும்போது கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினேன். வாங்கியதை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். இப்போதுதான் நினைவு வருகிறது. காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 18, செவ்வாய்

பதிவேடு சுருக்கமாக.

6.41.08 - பாட்டு ஐகான் தொடப்பட்டது. பாட்டுப் பக்கம் திறந்தது.

6.41.10 - பின்செல்லும் அம்பு.

6.41.11 - மறுபடியும் பாட்டு.

6.41.14 - ஏசி.

6.41.16 - டிஃபாகர். முன்கண்ணாடியில் படியும் ஆவியை விலக்கும் பட்டன் அது.

6.41.19 - மோதல்.

முதல் தொடுதலில் இருந்து மோதல் வரை பதினொரு விநாடி.

ஒவ்வொரு தொடுதலும் திரையில் எந்தப் புள்ளியில் விழுந்தது என்பதும் பதிவாகும். முதல் மூன்றும் ஐகானின் நடுவுக்குக் கொஞ்சம் வலது பக்கம். கடைசி இரண்டும் கொஞ்சம் இடது பக்கம். குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

துணி துவைத்தேன். மழை. காயவில்லை.

நவம்பர் 20, வியாழன்

விசாரணைக் குழுவுக்கு ஒரு பக்க அறிக்கை தயாராக இருந்தது. மோதலுக்கு முந்தைய பதினொரு விநாடிகளில் ஓட்டுநர் இரண்டு முறை பாட்டுப் பக்கத்தைத் திறந்திருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. பதிவேடு சரியானது, திருத்தப்படாதது என்று கீழே நான் சான்று தர வேண்டும்.

"லாக்ல இருக்கறது உண்மைதானே?" என்றார் சந்தானகிருஷ்ணன்.

"உண்மைதான் சார்."

"அதை மட்டும்தான் நீங்க சொல்றீங்க. மத்தது குழு பாத்துக்கும்."

கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தில் பொய் எதுவும் இல்லை.

நவம்பர் 22, சனி

அறவாழி ஓசூரில் இருந்து வந்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் ஏழு வருடமாக இப்படித்தான், வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை போவார். வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். கடைக்குப் போய் மாவும் முட்டையும் வாங்கி வந்து தோசை வார்த்தார். நான் மூன்று தின்றேன்.

"ஆபீஸ் குரூப்ல எல்லாரும் தாட்சாவைப் பத்தி எழுதியிருப்பாங்களே, பாத்தியா?"

"இல்ல."

"ஒண்ணுமே பாக்கலையா?"

"அதைத் தொறக்கல."

என் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். படிக்காத செய்திகள் ஆயிரத்துச் சொச்சம். அவர் என் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. எப்போது எடுப்பார் என்று காத்திருந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

இரண்டு நாளாக எழுதவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. இன்று எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது.

எங்கள் திரையின் அடியில் நான்கு ஐகான்கள் ஒரு வரிசையில் இருக்கும். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருவார். ஆகவே வலது ஓரம் அவர் கைக்கு மிக அருகில் இருக்கும் இடம். ஜூனில் இருந்து அக்டோபர் கடைசிவரை அந்த வலது ஓரத்தில் ஏசி இருந்தது. அதற்குப் பக்கத்தில் பாட்டு. டிஃபாகர் ஏசி பக்கத்துக்குள்ளே இருக்கும்.

அக்டோபர் 29 அன்று ஏசியும் பாட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றப்பட்டன. காரணம் எண்கள்தான். சோதனை ஓட்டுநர்கள் ஒரு மணி நேரத்தில் சராசரியாகப் பதினான்கு முறை பாட்டைத் தொடுகிறார்கள், மூன்று முறைதான் ஏசியைத் தொடுகிறார்கள். அதிகம் தொடுவதைக் கைக்கு அருகில் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மேலதிகாரிகள் ஒப்புதல் தந்தபோதும் அப்படியே சொல்லப்பட்டது. புதிய வடிவம் நவம்பர் 10 மாலை நாமக்கல்லில் காரில் ஏற்றப்பட்டது. மாற்றங்கள் அச்சிட்ட ஒரு தாள் காரில் வைக்கப்பட்டது.

மறுநாள் காலைதான் விபத்து.

ஜெயசீலன் நாலு மாதமாகப் பழைய திரையில் ஓட்டியவர்.

நவம்பர் 28, வெள்ளி

ஜெயசீலன் எங்கள் நிறுவனத்தின் நேரடி ஆள் இல்லை, ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்தவர். அவரை வேலையில் இருந்து நீக்கிவிட்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் போலீஸ் வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டேஷன் ஜாமீன் கிடைத்துவிட்டதாம். எங்கள் அறிக்கையின் நகல் போலீசுக்கும் போகப்போகிறது.

கேன்டீனில் பின்மேஜையில் இருந்த இருவர் பேசிக்கொண்டார்கள்.

"மலையில இறங்கும்போது பாட்டு மாத்திட்டிருந்தானாம்யா."

"பக்கத்துல ஒரு பொம்பள உக்காந்திருந்தா இவனுங்களுக்குக் குஷிதான்."

நான் தயிர்சாதத்தை முழுதும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன். மேலே போய் வண்டி நிறுத்தும்போது வரும் கேமரா படத்தின் கோடுகளைத் திருத்தி அனுப்பினேன். ஆறு மணி வரை நல்ல வேலை நடந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

குழுச் செய்திகளைத் திறந்தேன். இரங்கல் செய்திகளைத் தாண்டி அக்டோபர் 29-க்குப் போனேன். நான் எதைத் தேடிப் போனேன் என்பது எனக்குத் தெரியும். விபத்துச் செய்தி வந்த காலையில் இருந்தே தெரியும்.

காலை 11.20. தாட்சாயணி எனக்கு எழுதியது:

"உமா, ஏசியை மாத்தாத. அதிகமா தொடறது வேற, அவசரமா தொடறது வேற. டிரைவருங்க கை நாலு மாசமா அங்க போய்ப் பழகியிருக்கு. மலை ஓட்டம் ஒண்ணு முடியட்டும். பாத்துட்டு அப்புறம் மாத்திக்கலாம்."

அதற்கு என் பதில் ஒரு கட்டைவிரல் படம். எங்கள் குழுவில் அதற்குப் படித்துவிட்டேன் என்று அர்த்தம். சரி என்றும் அர்த்தம்.

மூன்று மணிக்கு மாற்றிய கோப்பை அனுப்பியிருக்கிறேன். மேலிடத்தில் அதற்குக் கைதட்டல் படங்கள் ஏழு.

மறுநாள் அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பி, "மாத்திட்டியா?" என்றாள். "ஆமா, நம்பர் அப்படித்தான் சொல்லுது" என்றேன். "சரி, அப்ப மலைக்கு நானே போறேன். எப்படி வருதுன்னு பாக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு இருவரும் டீ குடிக்கப் போனோம்.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

பல் துலக்கினேனா என்று நினைவில்லாமல் இரண்டாவது முறை துலக்கினேன்.

டிசம்பர் 6, சனி

காலையில் அறவாழியிடம், படப்பை வரை போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். நானும் வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

ஜெயசீலன் வீடு ஒரு காம்பவுண்டில் கடைசி. அவர் மனைவி குணசுந்தரி வாசலில் தையல் மிஷினில் இருந்தார். யார் என்று சொன்னதும் மிஷினை நிறுத்தினார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"கம்பெனியில இருந்தா? இன்னும் என்னத்துல கையெழுத்து வேணும்?"

"கையெழுத்துக்கு வரலங்க. அவரைப் பாக்கணும்."

"பாத்து?"

உள்ளே இருந்து ஜெயசீலனின் குரல் வந்தது. "யாரு, உமா மேடமா? வரட்டும் சுந்தரி."

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். முகம் பாதியாக இளைத்திருந்தது. நாற்பத்தாறு வயது என்று கோப்பில் இருக்கிறது. அறுபது போலத் தெரிந்தார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.  பழங்கள் வாங்கி வந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவரே தொடங்கினார்.

"நான் பாட்டு போடல மேடம்."

"தெரியும்."

"போலீசுல சொன்னேன். கம்பெனி ஆளு வந்தாரு, அவர்ட்டயும் சொன்னேன். மெஷின்ல பதிஞ்சிருக்குன்றாங்க. மெஷின் பொய் சொல்லாதாம்."

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"விடிகாலையில குளிரா இருந்துச்சு, ஏசி போடல. மழை வேற. ரெண்டு பேரு மூச்சு. ஒரு வளைவு திரும்பறோம், பொசுக்குனு கண்ணாடி பூரா ஆவி. ஒண்ணும் தெரியல. நிறுத்தியிருக்கணும் மேடம், அது என் தப்புதான். பின்னாடியே லாரி இறங்கிட்டு வந்துச்சு, நடு ரோட்ல நிறுத்த மனசு வரல. கை தானா ஏசிக்குப் போச்சு. பாத்தா பாட்டு வந்து நிக்குது. பின்னாடி போய் மறுபடி தொடறேன், மறுபடியும் பாட்டு. தங்கச்சி சொல்லுச்சு, 'அண்ணே, அங்க இல்லண்ணே, இந்தப் பக்கம் மாத்திட்டாங்க, நீங்க ரோட்டைப் பாருங்க'ன்னு. சொல்லிட்டு அதுவே கைய நீட்டி அமுக்குச்சு."

பதிவேட்டின் கடைசி இரண்டு தொடுதல்கள் இடது பக்கம் தள்ளி விழுந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். வலது பக்கம் இருப்பவரின் விரல் எப்போதும் ஐகானின் வலப்பக்கமாக விழும், இடது பக்கம் இருப்பவருடையது இடப்பக்கமாக. இரண்டு வருடம் முன்பு அதை அளந்து எழுதியவள் நான். அந்த இரண்டும் அவள் விரல் என்று பதினெட்டாம் தேதியே எனக்குத் தெரியும்.

"அப்புறம்?"

"கண்ணாடி தெளிஞ்சுது மேடம். கீழ ஒரு நாலு விரக்கடை. அதுல சுவரு தெரிஞ்சுது."

குணசுந்தரி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாள் வச்சிருந்தாங்களே காருல, படிக்கலையா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"ராத்திரி படிச்சேன். பாட்டு இங்க, ஏசி அங்கன்னு போட்டிருந்துச்சு. தலைக்குத் தெரியும் மேடம். கைக்கு யாரு சொல்றது?"

"அதை மாத்தினது நான்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். வெகு சாதாரணமாக ஆட்டினார். "யாராவது ஒருத்தர் மாத்தியிருப்பீங்க" என்றார்.

குணசுந்தரிதான் கேட்டார். "இதை இங்க வந்து சொல்றீங்களே, சொல்ற எடத்துல சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப அங்க போய் சொல்லுங்க. இவருகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது."

அவர் மறுபடியும் தையலுக்குப் போய்விட்டார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதும் அவர் நிமிரவில்லை.

வீட்டில் அறவாழி துணி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இத்தனை நாள் ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.  தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறவர் அவர். தினமும் நல்லா இருக்கேன் என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 8, திங்கள்

சந்தானகிருஷ்ணன் கதவைச் சாத்தச் சொன்னார்.

பழைய திரையின் படத்தையும் புதிய திரையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பதிவேட்டின் புள்ளிகளை இரண்டின் மேலும் போட்டுக் காட்டினேன். பழைய திரையில், ஜெயசீலன் தொட்ட மூன்று புள்ளிகளில் முதலாவதும் மூன்றாவதும் ஏசியின் மேல் விழுகின்றன.

அவர் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உமா, இது டீம் டிசிஷன். நீங்க தனியா எதையும் மாத்தல. நாலு பேர் பாத்தாங்க. நான் அப்ரூவ் பண்ணேன்."

"தாட்சா வேண்டாம்னு சொன்னா சார்."

"எழுத்துல இருக்கா?"

"இருக்கு."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

சொன்னேன்.  வெளியே யாரோ பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு போய்ட்டா. நீங்க இதைச் சொல்றதால வரப்போறதில்ல. உங்களுக்குப் பதினஞ்சு வருஷ சர்வீஸ். சட்டப் பிரிவு முதல்ல உங்களைத்தான் கேக்கும், ஏன் அன்னிக்குக் கையெழுத்துப் போட்டீங்கன்னு."

"ஜெயசீலன் உயிரோட இருக்காரு சார்."

"தெரியும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். எத்தனை நாளா யோசிச்சிட்டிருக்கேன்னு கேக்காதீங்க."

சாயங்காலம் விசாரணைக் குழுவுக்குக் கடிதம் அனுப்பினேன். இரண்டு படங்கள், தாட்சாயணியின் செய்தி, என் கட்டைவிரல். சந்தானகிருஷ்ணனுக்கும் நகல் போட்டேன். அனுப்பிய பிறகு பயம் வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

டிசம்பர் 11, வியாழன்

சட்டப் பிரிவில் இருந்து இரண்டு பேர் மூன்று மணி நேரம் கேட்டார்கள். காபி நன்றாக இருந்தது. விசாரணை முடியும்வரை வெளியாரிடம் பேசக் கூடாது என்றார்கள். போலீஸ் வெளியாரா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நாங்கள் தடுக்க முடியாது என்றார் மூத்தவர்.

டிசம்பர் 16, செவ்வாய்

இரவு பஸ்ஸில் சேலம், அங்கிருந்து நாமக்கல், பிறகு டவுன் பஸ். மலையடிவாரக் காவல் நிலையத்துக்குப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அறவாழி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். அவரிடமும் ஒரு கார் இருக்கிறது, அதிலும் திரை இருக்கிறது. "எனக்கும் இந்த எழவு புரியறதில்லம்மா. என் பொண்ணுதான் போட்டுக் குடுக்கும்" என்றார். நான் தாளில் வரைந்து காட்டினேன். இரண்டு சதுரங்கள், நடுவில் ஓர் அம்பு. கடைசி இரண்டு தொடுதல்களும் தாட்சாயணியின் விரல் என்பதையும், அப்போது அவள் ஜெயசீலனிடம் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னேன்.

ஏட்டு ஒருவர் கம்ப்யூட்டரில் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தார். முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டினார்.

"...மேற்படி வாகனத்தின் திரையில் ஏசி குறியீடானது சம்பவத்துக்கு முந்தைய மாதத்தில் இடம் மாற்றப்பட்டதாகவும், அது ஓட்டுநருக்குப் பழக்கமில்லாத..."

"சார், மாற்றப்பட்டதுன்னு வேண்டாம். நான் மாத்தினேன்னு போடுங்க."

ஏட்டு விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தார். "எல்லாத்துக்கும் இப்படித்தாம்மா எழுதறது. அர்த்தம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல சார்."

"உங்க பேரைப் போட்டா நாளைக்கு உங்க மேலயும் வரலாம். யோசிச்சுக்கங்க."

"உமையாள் ஆகிய நான் மாற்றினேன்னு போடுங்க. வேண்டாம்னு ஒருத்தர் சொல்லியும் மாற்றினேன்னு அடுத்த வரியில போடுங்க."

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "அவங்க சொல்றபடி போடுய்யா" என்றார்.

திருத்தி மறுபடியும் படித்தார். மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் என் பெயர் கேட்டது. முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. ஒரு மாதத்துக்கும் மேலாக உடம்பில் எதுவும் ஓடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் மலையைப் பார்த்தேன். பாதி மேகத்துக்குள் இருந்தது. மேலே போய் இடத்தைப் பார்க்கிறாயா என்று அறவாழி கேட்டார். வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாண்டில் புரோட்டா சாப்பிட்டோம்.

டிசம்பர் 24, புதன்

விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை. ஓட்டுநர் பாட்டு கேட்கவில்லை, ஆவியை விலக்கும் பட்டனைத் தேடினார் என்று எழுதியிருக்கிறார்கள். வழக்கமான இடத்தில் அது இல்லை என்பதையும் எழுதியிருக்கிறார்கள். டிஃபாகருக்குத் திரைக்கு வெளியே தனியாக நிஜமான பட்டன் ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னைத் திரை வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். வண்டியோடு கொடுக்கும் கையேடு எழுதும் பிரிவுக்குப் போக வேண்டும். சந்தானகிருஷ்ணனைச் சீக்கிரமே ஓய்வு பெறச் சொல்லிவிட்டதாகப் பேச்சு. லிஃப்டில் பார்த்தபோது, "நல்லது பண்ணீங்கன்னு சொல்லணும். எனக்கு வரல" என்றார். பரவாயில்லை சார் என்றேன்.

கேன்டீனில் என் மேஜையில் இன்று யாரும் உட்காரவில்லை.

ஜனவரி 5, திங்கள்

குணசுந்தரி போன் செய்தார். வழக்கு உடனே போய்விடாதாம், ஆனால் எங்கள் அறிக்கையைப் பார்த்த வக்கீல் தைரியம் சொல்லியிருக்கிறார். ஒப்பந்த நிறுவனம் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டது. வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைத்தாலும் மலைக்குப் போக மாட்டேன் என்கிறாராம்.

"சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.  உடனே வைக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 10, சனி

முரளி வரச் சொல்லியிருந்தார். போலீஸ் கொடுத்த தாள்களில் என் வாக்குமூலத்தைப் படித்திருக்கிறார்.

குரோம்பேட்டை வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். மகள் பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். ஹாலில் தாட்சாயணியின் படத்துக்குச் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். என் வாக்குமூலத்தின் நகல் அவர் முன்னால் இருந்தது.

"எவ்ளோ தூரம் மாத்தினீங்க?" என்று கேட்டார்.

"என்ன?"

"அந்த ஐகான். இருந்த எடத்துல இருந்து எவ்ளோ தூரம்?"

"நாலு சென்டிமீட்டர்."

அவர் மேஜையின் மேல் இரண்டு விரல்களை வைத்தார். கொஞ்சம் அகட்டினார். என்னைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் என்றேன். அகட்டினார். அதுதான் என்றேன். அவர் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை எடுக்கவில்லை.

"வேண்டாம்னு சொன்னாளா?"

"சொன்னா."

"எப்படிச் சொன்னா?"

போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். அதற்கடியில் என் கட்டைவிரல் இருந்தது. அதையும் பார்த்தார்.

"இந்த மாதிரிதான் சொல்லுவா" என்றார். "சத்தம் போட மாட்டா. ஒரு தடவை சொல்லுவா. கேக்கலன்னா, சரின்னு அவளே போய் செஞ்சு பாப்பா. மலைக்குப் போகாத, மழைக்காலம்னு நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லல. இந்த வீட்டுக் கடன், பாப்பா ஸ்கூலு, எதுவானாலும் அவ சொன்னதுதான் கடைசியில சரியா வரும். நாங்க யாரும் மொதல்ல கேட்டதே இல்ல உமா."

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை இப்ப சொல்லாதீங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாது. கோர்ட்ல வந்து இதையே சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"அந்த டிரைவரை ஜெயில்ல போடணும்னு ரெண்டு மாசமா தினம் வேண்டிக்கிட்டிருந்தேன். அவளோட கடைசி பேச்சே அவருக்கு வழி சொன்னதுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. உங்க பேப்பர்லதான் படிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவரைப் போய் பாக்கணும். அட்ரஸ் எழுதிக் குடுங்க."

வாக்குமூலத்தின் பின்பக்கத்தில் படப்பை முகவரியை எழுதினேன். காம்பவுண்டில் கடைசி வீடு, வாசலில் தையல் மிஷின் இருக்கும் என்றும் எழுதினேன்.

எழுந்தேன். வாசல்வரை வந்தார்.

"வீட்டுக்கு வந்தவங்களைச் சாப்பிட்டுப் போங்கன்னு சொல்லணும். எனக்கு வாய் வரல உமா. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல முரளி."

"இனிமே இங்க வராதீங்க. கோர்ட்ல பாப்போம்."

கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார். நான் படியில் இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. என்னுடையதுதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மேலே கதவு திறக்கும் ஓசை கேட்டது. யாரும் இறங்கி வரவில்லை. கதவு மறுபடி சாத்தும் ஓசையும் கேட்கவில்லை. நான் அழுது முடித்து எழுந்து போகும்வரை அது திறந்தே இருந்தது.